கை பிடிக்கும் புரதம்

சுசிலா அக்கா குளிசைகளைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தபோது எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. மருந்து இல்லையென்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். கசக்கிறது என்று என் முன்னாலேயே துப்பினவர்களைப் பார்த்திருக்கிறேன். கொடுத்த கடதாசியில், கொடுத்த மடிப்புக் கலையாமல், முக்கால்வாசிக் குளிசையைத் திருப்பித் தந்த மனுசியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. விசுவமடுவிலிருந்து தர்மபுரம் போகிற வழியில், தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கிளினிக்கில் நான் மருந்து கொடுப்பவன். பெயர் பரமலிங்கம். சவுக்காரம், டீசல், பற்றரி எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தின் தடை இருந்த காலம். மருந்தும் வவுனியாவைத் தாண்டி அனுமதியோடுதான் வரவேண்டும். கேட்டதில் பாதி வரும், அந்தப் பாதியும் பிந்தி வரும். கையை இறுக்காமல் நான் என்ன செய்வது? சனம் எனக்குக் ‘கசவாரம்’ என்று பட்டம் வைத்திருந்தது. எனக்குக் கேட்காது என்று நினைத்துத்தான் சொல்லுவார்கள். கஞ்சத்தனம் பிடித்தவன் என்று அதற்குப் பொருள். அந்தப் பட்டத்தை நான் மறுத்ததில்லை.

“ஏன் அக்கா, அவர் குடிக்கமாட்டன் எண்டிட்டாரோ?” என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி, நான்தான் நிப்பாட்டினனான். டொக்டர்தானே போன முறை சொன்னவா, தடை குறைஞ்சு போச்சு எண்டு. பிறகென்னத்துக்கு மருந்து? ஏலாத ஆருக்கும் குடுங்கோ.”

எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருந்த டொக்டருக்கு மட்டும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். கதிரை பின்னால் தள்ளுப்படும் சத்தம் கேட்டது.

டொக்டர் கமலாசனி என்னைவிடப் பத்து வயது இளையவர். கோபத்தில் என்னைவிட மூத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வரும்போது உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டு மூளையைப் பற்றிய புத்தகக் கட்டொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவர். மலேரியாவும் வயிற்றோட்டமும் பாம்புக்கடியும் வருகிற கிளினிக்கில் அந்தக் கட்டுக்கு என்ன வேலை என்று நான் பகிடி பண்ணுவேன். யாராவது கை நடுங்கிக்கொண்டு வந்தால் போதும், அவரின் முகத்தில் விளக்கு எரியும்.

கிறகோரி அண்ணை முதல்முறை வந்தபோதும் அப்படித்தான் எரிந்தது. கிறகோரி அண்ணை சுசிலா அக்காவின் கணவர். கொக்கிளாய்க்காரர். எண்பத்துநாலில் அங்கிருந்து வெளிக்கிட்டு, முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுத்தவர். வலை இழுக்கும்போது எல்லாருடைய பலமும் ஒன்றாய்ச் சேர வேண்டும் என்பதற்காக அம்பா பாடுவார்கள். ஒருவர் வரி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ‘ஏலோ’ என்று சொல்லி ஒரு மூச்சில் இழுப்பார்கள். எடுத்துக் கொடுக்கிற குரல் கிறகோரி அண்ணையுடையது. தொண்ணூற்றாறில் சண்டை வந்து அங்கிருந்தும் ஓடி, இப்போது விசுவமடுவில் ஒரு கொட்டில். அவருக்கு வலது கை சும்மா இருக்கும்போது நடுங்கியது. நடை சுருங்கிப் போயிருந்தது. அந்தப் பெரிய குரல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. முகம் சுவர்.

அன்றைக்கு வெளியே காய்ச்சல்காரர் வரிசை நின்றது. டொக்டர் அவசரமாகத்தான் விளக்கம் சொன்னார். மூளைக்குள் ஒரு சின்னப் புரதம் இருக்கிறதாம். அது ஒரு நொதியத்தைத் தடுத்து நிறுத்துகிறதாம். புத்தகத்தில் அதற்கு ‘நிரோதி’ என்று பெயர். அந்தச் சொல்லை எங்கள் சனத்துக்குச் சொல்ல டொக்டருக்கு மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் சுசிலா அக்கா தன் மகள் நிரோசினிக்கு உறவாக்கும் என்று நினைத்திருப்பா. ஆகவே டொக்டர் அதை எளிமையாக்கி, “அவருக்கு மூளையில ஒரு தடை குறைஞ்சு போச்சு அக்கா, அதுதான்” என்று சொல்லிக் குளிசைக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். நானும் எண்ணிக் கொடுத்தேன். எளிமையாக்கினதில்தான் வில்லங்கமே வந்தது.

“ஆர் உங்களுக்கு மருந்தை நிப்பாட்டச் சொன்னது?” டொக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“நீங்கள்தான் டொக்டர்.”

“நானோ?”

“தடை குறைஞ்சு போச்சு எண்டனீங்கள். சவுக்காரத்துக்குத் தடை குறைஞ்சால் சவுக்காரம் வரும். டீசலுக்குத் தடை குறைஞ்சால் போட் ஓடும். மூளையில தடை குறைஞ்சால் மூளை ஓடும்தானே? நான் போய் மாதாவுக்கு மெழுகுதிரியும் கொளுத்திப்போட்டன்.”

நான் சிரித்துவிட்டேன். டொக்டர் சிரிக்கவில்லை. என் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வன்னியில் இருந்துகொண்டு ‘தடை குறைஞ்சது’ என்ற சொல்லைக் கெட்ட செய்தியாய் எடுக்க ஒருத்தராலும் முடியாது என்பது, பிறந்த நாள் தொடக்கம் படித்துக்கொண்டே இருந்த அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது.

“சரி அக்கா. பிழை சொல்லிலதான். இப்ப குளிசையைக் கொண்டுபோங்கோ.”

“வேண்டாம் டொக்டர்.” சுசிலா அக்காவின் குரல் மெலிந்தது. “இதில நோய் வருத்தம் ஒண்டுமில்லை. எனக்கு விளங்கீட்டுது. இது கோவம்.”

“என்ன கோவம்?”

“இவர் எனக்கு முகம் குடுக்கிறாரில்லை.”

எங்கள் பக்கத்தில் அதை வைத்துத்தான் ஒரு குடும்பம் நல்லாயிருக்கிறதா இல்லையா என்று சொல்லுவோம். முகம் கொடுத்துக் கதைத்தால் உறவு இருக்கிறது. முகம் கொடுக்காவிட்டால், பக்கத்தில் படுத்தாலும் இல்லை.

சுசிலா அக்கா நின்றபடியே சொன்னா. முல்லைத்தீவிலிருந்து ஓடின அன்று ரக்ரரின் இழுவைப் பெட்டியில் ஒரு சாமானுக்குத்தான் இடம் இருந்தது. ஒன்று வலை. மற்றது தையல் மெசின். அவா மெசினை ஏற்றச் சொன்னா. வலை ஈரமாய்க் கிடந்தது, பாரம், அவா சொன்ன நியாயம் சரிதான். ஆனால் வலையை விட்டுவிட்டு வந்த மீன்பிடிகாரனுக்கு நியாயம் சொல்லி என்ன வரும்? அந்த வருசம் தொடக்கம்தான் அவருடைய முகம் மூடிக்கொண்டது. பகிடி விட்டால் சிரிக்கமாட்டார். கேட்டால் பதில் இல்லை. பேரப்பிள்ளையைக் காட்டினால்கூடச் சுவரைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்.

“அதைவிட ஒரு கொடுமை இருக்கு டொக்டர். நான் மெசினில இருந்து தைச்சுக்கொண்டிருந்தால் மனுசன் எழும்பி நடப்பார். வளவுக்குள்ள போவார், வருவார், தண்ணி அள்ளிக் குடிப்பார், ஒரு பிரச்சினையுமில்லை. எனக்குச் சந்தோசம் வந்து, நிப்பாட்டிப்போட்டுத் திரும்பிப் பாப்பன். அந்த இடத்திலயே நிண்டிடுவார். தூண் மாதிரி. நான் பாக்காட்டில் நடை. நான் பாத்தால் நடையில்லை. அவ்வளவு வெறுப்பு என்னில.”

அக்காவுக்கு அழுகை வரவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவர்களுடைய கண் அது, எனக்குத் தெரியும்.

“அதுதான், இவரை இண்டைக்குத் தர்மபுரத்தில நிரோசினி வீட்டில விட்டிட்டு, நாளைக்கு நான் முழங்காவிலுக்குத் தங்கச்சியிட்டப் போறன். கருவாட்டு லொறி ஒண்டு போகுது. நான் கண்ணில படாட்டில் எண்டாலும் அந்த மனுசன்ர முகம் மலரட்டும். மலர்ந்தால் நிரோசினி சொல்லியனுப்புவாள். அது எனக்குக் காணும்.”

கோபித்துக்கொண்டு போகிற பெண்களைக் கண்டிருக்கிறேன், அடி தாங்காமல் போகிறவர்களையும் கண்டிருக்கிறேன். தன்னைக் காணாமல் அவர் சிரிக்கட்டும் என்று போகிற ஒருத்திக்கு என்ன சொல்லுவது? நான் தேவையில்லாமல் குளிசைப் போத்தல்களை நேராய் அடுக்கினேன்.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்த கிறகோரி அண்ணையை அக்கா வேம்புக்குக் கீழே விட்டுவிட்டு வந்திருந்தா. அவர் தானாக இறங்கி வாசல்வரைக்கும் வந்துவிட்டார். வாசற்படிக்கு முன்னால் நின்றுவிட்டார். கால் இரண்டும் நிலத்தில் ஒட்டிக்கொண்டது போல, உடம்பு மட்டும் முன்னுக்குச் சரிந்து, கை நடுங்கியபடி. கேட்க வேண்டியதெல்லாம் கேட்டிருப்பார். முகத்தில் ஒன்றும் இல்லை.

“பாத்தீங்களோ?” என்றா அக்கா. “நான் உள்ளுக்கு நிக்கிறன் எண்டு, படி ஏறமாட்டார்.”

டொக்டர் அவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். முகத்தில் அந்த விளக்கு எரிந்தது. ஆனால் இந்த முறை கண்ணும் நனைந்திருந்தது.

“அக்கா, மெசின் ஓடேக்க மட்டுமோ நடக்கிறவர்? மெசின் சத்தம் நிண்டவுடன அவரும் நிண்டிடுவாரோ?”

“ஓம்.”

“அண்ணை, அந்தக் கரும்பலகையைத் துடையுங்கோ” என்று என்னிடம் சொன்னார்.

கிளினிக் நாட்களை எழுதுகிற பலகை அது. துடைத்தேன். டொக்டர் வெண்கட்டியை எடுத்தார்.

“இது மூளைக்குள்ள ஒரு கலம் எண்டு வையுங்கோ. நான், எழுதுற நொதியம். பரமலிங்கம் அண்ணை, அழிக்கிற நொதியம்.”

“எனக்கு ஏன் அழிக்கிற வேலை?” என்றேன்.

“உங்களுக்குத்தான் பொருந்தும். அக்கா, நீங்கள் இஞ்சால வந்து நில்லுங்கோ. நீங்கள் நான் சொன்ன அந்தச் சின்னப் புரதம். பேசாமல் நில்லுங்கோ, இன்னும் உங்களுக்கு வேலையில்லை.”

டொக்டர் பலகையில் ‘சிரி’ என்று எழுதத் தொடங்கினார். “அண்ணை, அழியுங்கோ.” நான் துணியால் இழுத்தேன். அவர் மறுபடி எழுதினார். ‘சி’ முடிய முதல் அழித்தேன். மறுபடி எழுதினார். நான் விடவில்லை. சொல்வதற்கென்ன, எனக்கு நல்லாய்த்தான் இருந்தது. வரிசையில் நின்ற காய்ச்சல்காரர்கூட எட்டிப் பார்த்தார்கள்.

“பாத்தீங்களோ அக்கா, எழுதாமல் இல்லை. எழுதுறன். வாசிக்க முதல் அழியுது. இப்ப, டோபமீன் எண்டு ஒரு சாமான் மூளையில சுரக்கும். அது வந்தவுடன எழுதுற ஆளுக்குத் தென்பு வரும். தென்பு வந்தால் என்ன செய்வன் எண்டால்...” டொக்டர் திரும்பிச் சுசிலா அக்காவின் சட்டைத் தோளில் வெண்கட்டியால் ஒரு கோடு கீறினார். அக்கா திடுக்கிட்டா. “இந்தப் புரதத்திலயும் ஒரு கோடு போடுவன். கோடு விழுந்தால்தான் உங்களுக்கு உயிர் வரும். இப்ப போய் அண்ணையின்ர கையைப் பிடியுங்கோ.”

அக்கா தயங்கினா. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தா. வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டி வீட்டில் கருவாடு அடுக்கின கை, என்ன பிடி! டொக்டர் ‘சிரி’ என்று எழுதினார். என்னால் அசைய முடியவில்லை. சொல் பலகையில் நின்றது.

“நீங்கள் செய்யிறதுதான் தடை. அழிக்கிற கைக்குத் தடை. அந்தத் தடை நல்லது அக்கா. அது இருந்தால்தான் எழுதினது நிக்கும், சிரிப்பு முகத்துக்கு வந்து சேரும், எழும்பு எண்டு மனம் சொன்னது காலுக்குப் போய்ச் சேரும். இவருக்கு டோபமீன் வத்திப்போச்சு. உங்கட தோளில கோடு போட ஆளில்லை. அண்ணையின்ர கையைப் பிடிக்க ஆளில்லை. அவர் சிரிக்காமல் இல்லை. உள்ளுக்குச் சிரிப்பு எழுதுப்படுது, முகத்துக்கு வர முதல் அழிஞ்சுபோகுது. மூளைக்குள்ள இதைவிடக் கனக்க நடக்கும், நான் ஒரு நுனியைத்தான் சொல்லுறன். ஆனா கோவம் இல்லை அக்கா. கோவப்பட்ட முகமெண்டால் சுருங்கும். இது சுருங்கவும் மாட்டாத முகம்.”

சுசிலா அக்கா என் கையை விடவில்லை. விட மறந்துவிட்டா. பலகையில் இருந்த சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றா.

“அப்ப மெசின்?”

“மெசின் ஒரு தாளத்தில ஓடுது. தாளம் காதுக்குள்ள வந்தால் காலுக்கு வேற ஒரு வழியால செய்தி போகும். உள்ளுக்குள்ள எழுதுறது அழிஞ்சாலும் வெளியில இருந்து தாளம் எழுதிக்கொண்டே இருக்கும். நீங்கள் திரும்பிப் பாத்ததால அவர் நிக்கேல்லை. திரும்பிப் பாக்கிறதுக்காக நீங்கள் மிதிக்கிறதை நிப்பாட்டினீங்கள், அதால நிண்டவர்.”

அக்கா என் கையை விட்டா. மணிக்கட்டில் விரல் அடையாளம் பதிந்திருந்தது. வாசலைப் பார்த்தா. அவர் அங்கேயே நின்றார், படிக்கு முன்னால், அதே சரிவில்.

“இஞ்சாருங்கோ” என்றா. “வாங்கோ உள்ளுக்கு.”

ஒரு கால் துடித்தது. எழும்பவில்லை.

டொக்டர் “ஒண்டு, ரெண்டு, ஒண்டு, ரெண்டு” என்று சொல்லிப் பார்த்தார். நான் மேசையில் தட்டினேன். எனக்குத் தாளம் வராது, சின்ன வயதிலேயே என்னைப் பசனையில் இருந்து விலத்தினவர்கள். அவருடைய கால் என் தாளத்தை நம்பவில்லை.

“அக்கா, நீங்கள் தைக்கேக்க சும்மாவோ தைக்கிறனீங்கள்?” என்று டொக்டர் கேட்டார்.

அக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது. ஐம்பது கடந்த மனுசி, காது நுனி சிவந்துபோனா. “சும்மா வாய்க்குள்ள... அம்பா மாதிரி ஏதும் முணுமுணுப்பன். மிதிக்கிற காலுக்கு அது சரியாய் விழும். பொம்பிளையள் அம்பா பாடுறேல்லை டொக்டர், கரையில கேட்டால் சிரிப்பினம்.”

“இஞ்ச கரையில்லை. பாடுங்கோ.”

அக்கா வாசலுக்குப் போனா. படியின் இந்தப் பக்கம் நின்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தா. நடுங்கின கையும் நடுங்காத கையும். கரைவலை இழுக்கிறவர்கள் கடலைப் பார்த்தபடி பின்னுக்கு நடந்துதான் இழுப்பார்கள், குதியை மணலில் ஊன்றி ஊன்றி. அதே மாதிரி அக்கா பின்னுக்குச் சாய்ந்து நின்று, மெல்லிய குரலில் எடுத்தா.

“மாதாவே துணை வாரும்...”

ஒன்றும் நடக்கவில்லை. குதியால் நிலத்தில் ஒரு முறை இடித்தா.

“மடி நிறைஞ்சு கரை சேரும்...”

அவருடைய தொண்டை அசைந்தது. சத்தம் வெளியே வரச் சுணங்கியது. வந்தபோது ஒரு மூச்சளவுதான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

“ஏலோ.”

அந்தச் சொல்லோடு வலது கால் எழும்பிப் படியில் விழுந்தது. அக்கா ஒரு அடி பின்னுக்கு வந்தா. இன்னொரு வரி. இன்னொரு ‘ஏலோ’. மற்றக் காலும் ஏறியது. ஒரு நாளும் வலை இழுத்திராத மனுசி அந்தப் பெரிய உடம்பை ஒரு ‘ஏலோ’வுக்கு ஒரு அடியாய் உள்ளே இழுத்துக்கொண்டு வந்தா. பின்னுக்கு நடந்ததால் வேறெங்கும் பார்க்க அவாவுக்கு வழியில்லை. அவருடைய முகத்தைத்தான் பார்த்தபடி வந்தா. அவரும் அவாவைத்தான் பார்த்தபடி வந்தார். சட்டைத் தோளில் வெண்கட்டிக் கோடு அப்படியே இருந்தது.

என் மேசைவரைக்கும் வந்து நின்றார்கள். காய்ச்சல்கார வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார், ஏனென்று அவருக்கே தெரிந்திருக்காது.

அக்கா கையை விடாமலே கேட்டா. இரண்டு வருசமாய்க் கேட்கப் பயந்த கேள்வி அது என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

“வலையை விட்டிட்டு மெசினை ஏத்தச் சொன்னனான். அது உங்களுக்குக் கோவமோ?”

அவர் பேசவில்லை. முகம் அசையவில்லை. அக்காவின் தோள் மெல்ல இறங்குவதைக் கண்டேன். எனக்குப் பொறுக்கவில்லை. நான் பொறுமைசாலி இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை. ‘அது அவருக்குக் களைப்பு அக்கா, பிறகு கேட்கலாம்’ என்று சொல்லிக் கதையை முடித்துவிட வாயைத் திறந்தேன்.

டொக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அக்கா பிடித்த அதே இடத்தில். கண்ணால் ‘பொறுங்கோ’ என்றார். அழிக்கிற ஆள் நான்தானே, எனக்கு விளங்கியது. வாயை மூடினேன்.

பொறுத்தோம். வெளியே ஒரு மாட்டுவண்டி போய் மறைந்தது. தகரத்தில் வேப்பங்காய் ஒன்று விழுந்து உருண்டது. இவ்வளவு காலமும் அக்கா கேள்வி கேட்டிருப்பா, பதில் வரவில்லையென்று குசினிக்குத் திரும்பியிருப்பா, அவா திரும்பின பிறகு அவருக்குள் பதில் வந்து, கேட்க ஆளில்லாமல் நின்றிருக்கும். 

அவருடைய உதடு அசைந்தது.

“வலை...” என்றார். மூச்சு எடுத்தார். “வலைதான் போச்சு.”

அக்கா காத்திருந்தா.

“அம்பா... மெசினோட வந்திட்டுதே.”

அவ்வளவுதான். முகம் சுவர் மாதிரித்தான் இருந்தது, ஒரு சுருக்கமும் மாறவில்லை. ஆனால் சுசிலா அக்கா அந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் முன்னால், வாய்விட்டு அழுதா. அவருடைய நடுங்குகிற கை மெல்ல எழும்பி அவாவின் முதுகில் போய் இருந்தது. இருந்த இடத்தில் நடுங்கியது, குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி.

டொக்டர் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு உண்மையையும் சொன்னார். இந்தக் குளிசை டோபமீனைக் கொண்டுவராது. நடுக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும், உடம்பைக் கொஞ்சம் இளக்கும், அவ்வளவுதான். நல்ல மருந்து வவுனியாவுக்கு அங்கால் இருக்கிறது, எழுதிக் கேட்டிருக்கிறார், எப்போது வரும் என்று தெரியாது. வந்தாலும் இந்த வருத்தம் முழுதாய் மாறாது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினா. கேட்டுக்கொண்டே அவருடைய சட்டைப் பொத்தானைச் சரியாய்ப் போட்டுவிட்டா.

“மெசினை ஒவ்வொரு நாளும் ஓட்டுங்கோ” என்றார் டொக்டர். “தைக்கத் துணி இல்லாட்டியும் மிதியுங்கோ. கேள்வி கேட்டால் பதில் வருமட்டும் நில்லுங்கோ.”

“நிப்பன் டொக்டர்.”

“முழங்காவில் லொறி?” என்று நான் கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை. எனக்கு உறுதியாய்க் காதால் கேட்க வேண்டியிருந்தது.

அக்கா என் மேசைப் பக்கம் திரும்பி, சற்று முன் தான் வைத்த கடதாசி மடிப்பைப் பார்த்தா. அது அங்கேயேதான் இருந்தது. நானும் அதை அலுமாரியில் எடுத்து வைக்கவில்லை. ஏனோ மனம் வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோளில் வெண்கட்டிக் கோட்டோடு, கையை நீட்டினா.

“குளிசையைத் தாங்கோ தம்பி. இவருக்குத் தடை காணாதாம்.”

தடை எப்போது நீங்கும் என்று சனம் கும்பிட்டுக்கொண்டிருந்த வன்னியில், தடை காணாது, இன்னும் வேண்டும் என்று கையேந்தின ஒரே ஆள் அவாதான். கசவாரம் பரமலிங்கம் அன்றைக்கு எண்ணவில்லை. போத்தலைச் சரித்துக் கைநிறையக் கொட்டிக் கொடுத்தான்.